மதினி சொன்னது ‘பொருத்தணும்’

கை வைக்காத ஸ்வெட்டர் ஒன்று கடை மேசைமேல் கிடந்தது. பிஸ்கட் நிறம். நாலைந்து வயதுப் பிள்ளைக்கு ஆகும். முன்பக்கமும் பின்பக்கமும் தோளில் சேர்த்தாகிவிட்டது. கைகள் இரண்டும் தனியாகப் பின்னி, ஓரம் சுருண்டு, பக்கத்தில் கிடந்தன. என் அண்ணன் பெண்டாட்டி, அதாவது என் மதினி, மொட்டை ஊசியில் உல்லனைக் கோத்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் இருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அப்போதுதான் எங்கள் கோயில் உபதேசியார் கடைக்குள் படியேறி வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் அறிவிப்பு வாசிக்கிறவர் அவர்தான். கோயில் மணிக்கு அடியிலேயே நின்று நின்று அவருக்கு ஒரு காது முக்கால்வாசி போய்விட்டிருந்தது. மறு காது தன் இஷ்டத்துக்குக் கேட்கும். அதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

“ஏத்தா, மலைப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் குடுக்கப் போறியாமே? நாளைக்கு வாசிச்சுரவா?”

“குடுக்கணும் உபதேசியாரே. இன்னும் வேலை கெடக்கு. பொருத்தணும்ல.”

“என்னது?”

“பொருத்தணும்!”

அவர் குரலை இறக்கிக்கொண்டார். “எதுக்காக ஆத்தா?”

“கை! குழந்தைக ஸ்வெட்டருக்குக் கை!”

அவர் முகம் மாறியது. கண்ணை மூடி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். “மாதா கைவிட மாட்டா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஸ்வெட்டருக்குக் கை வைக்க மாதா எதற்கு என்று நான் கேட்டேன். மதினி சிரித்த சிரிப்பில் ஊசி கீழே விழுந்து, இரண்டு பேரும் தரையில் குனிந்து தேடினோம்.

மறுநாள் பூசையில், நற்கருணை வாங்கிவிட்டு எல்லாரும் முழங்காலில் இருக்கும்போது, உபதேசியார் மைக்கின் முன்னால் வந்து நின்றார். எங்கள் வீட்டுப் பெயரைச் சொன்னார். அந்த வீட்டு மருமகள் கைக்குழந்தை வேண்டிப் பொருத்தனை எடுத்திருக்கிறார்கள், வரம் கிடைக்கும்வரைக்கும் ஆண்டுதோறும் பாலன் பிறப்புக்கு ஏலத்தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுப்பார்கள், அவர்களுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்வோம் என்றார். கோயில் முழுக்கச் சொன்னது. மதினியும் சொன்னாள். பாதியில்தான் அவளுக்குப் புரிந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு இன்னும் சிரிப்புத்தான் வந்துகொண்டிருந்தது. அவளுக்கு வரவில்லை.

பொருத்தனை என்றால் சாமிக்குக் கொடுக்கிற வாக்கு. நேர்ச்சை என்றும் சொல்வோம். மெழுகுவர்த்தி நேர்வது, மொட்டை நேர்வது, சாப்பாடு போடுவதாக நேர்வது எல்லாம் எங்கள் பக்கம் சர்வ சாதாரணம். மனதுக்குள் நேர்ந்தால் மறந்துகூடப் போகலாம். வாய்விட்டுச் சொன்னால் மறக்கக் கூடாது. கோயிலில் வாசித்துவிட்டால் அது ஊருக்குச் சொந்தம். ஒரு வேலையாக ‘பொருத்தணும்’ என்று மதினி சொன்னது இப்படித்தான் பொருத்தனை ஆனது. கையும் குழந்தையும் சேர்ந்து கைக்குழந்தை ஆனது. ‘வரம் கிடைக்கும்வரைக்கும்’ என்பது உபதேசியார் சொந்தமாகச் சேர்த்தது. பொருத்தனைக்கு ஒரு கெடு இருந்தால்தான் அழகு என்று நினைத்திருப்பார். அந்த ஒரு சொல்லுக்காக அவரை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போய்விட்டார், இருந்தாலும் மன்னிக்கவில்லை.

இதில் என்ன போய்விட்டது, பின்னுகிறவள் பின்னிக் கொடுத்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்பார்கள். கேட்டும் இருக்கிறார்கள். அதனால் மதினி யார் என்று சொல்லிவிடுகிறேன். அவள் தேவதானப்பட்டிக்காரி. அந்த ஊரில் எங்கே நின்று அண்ணாந்தாலும் கொடைக்கானல் மலை தெரியும். சின்ன வயதில் அந்த மலைமேல் ஒரு கன்னியர் மடத்து விடுதியில் இருந்து படித்தாள். அங்கேதான் பின்னக் கற்றுக்கொண்டாள். குளிரும் மூடுபனியும் ஊசியும் உல்லனும் அவளுக்கு ஒரே நினைப்பு. அவளைக் கொண்டுவந்து கம்பம் பள்ளத்தாக்கில், வாழைமண்டிக்குக் கணக்கு எழுதுகிற என் அண்ணனுக்குக் கட்டிவைத்தார்கள். அண்ணன் குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். அதனால் நல்லவன் என்று பெயர். எங்கள் ஊரில் ஒரு ஆம்பளை நல்லவன் ஆவதற்கு எதையும் செய்ய வேண்டாம். செய்யாமல் இருந்தால் போதும்.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, வீட்டின் முன்னறையில் மதினி உல்லன் கடை போட்டாள். வேகிற ஊரில் ஸ்வெட்டர் கடையா என்று எல்லாரும் கிண்டல் செய்தார்கள். “ஐஸ்கட்டி மேல உக்காந்துக்கிட்டு ஐஸ் விக்கிற மாதிரி, அடுப்பு மேல உக்காந்துக்கிட்டுக் கம்பளி விக்கிறா” என்று என் அம்மாவே சொன்னாள். ஆனால் கடை ஓடியது. விடிவதற்குள் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் பறிக்கப் போகிற பெண்கள் குல்லாவும் மப்ளரும் வாங்கினார்கள். கார்த்திகை பிறந்தால் குமுளி வழியாகச் சபரிமலை போகிற சாமிகள் நின்று வாங்கிப் போவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தோரணம் கட்ட உல்லன் கேட்டு வரும். கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் தெருப் பெண்கள் எல்லாம் அங்கேதான். ஞானப் பிள்ளைக்குக் குல்லா, நாத்தனார் பிள்ளைக்குக் காலுறை, குடிலில் படுக்கவைக்கிற பாலன் சுரூபத்துக்கு ஒரு சின்னப் போர்வை. வாங்கித் தருவதைவிடப் பின்னித் தருவது மரியாதை என்று மதினி சொல்லிச் சொல்லி ஊரில் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

நான் பக்கத்துத் தெருவில் கட்டிக்கொண்டு போனவள். என் வீட்டுக்காரர் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறார். பகலெல்லாம் நான் மதினி கடையில்தான் கிடப்பேன். ஏலத்தோட்டத்தில் லயங்கள் என்கிற வரிசை வீடுகளில் தங்கியிருக்கிற கூலிக்காரப் பிள்ளைகள் விடியற்காலைக் குளிரில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கின்றன என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். அதைக் கேட்டு, மீந்து கிடந்த உல்லனில் பின்னிக் கொடுக்கலாம் என்று மதினி நினைத்தாள். ஒரு தடவை. ஒரே ஒரு கிறிஸ்துமஸுக்கு. ஏனென்றால் அடுத்த ஜனவரியில் அவள் இங்கே இருக்கப் போவதில்லை.

கொடைக்கானலில் அவளுக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் கூப்பிட்டிருந்தார். பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளியில் கைவேலை டீச்சர். தங்க ஒரு அறையும் உண்டு. வார விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து போகலாம். மதினி அதை அண்ணனிடம் சொன்ன அன்று நானும் கூட இருந்தேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, “பாப்போம்” என்றான். எங்கள் வீட்டில் ‘பாப்போம்’ என்றால் முக்கால் சம்மதம். மதினி கடையை என்னிடம் ஒப்படைக்கத் தயாராகிவிட்டாள். எந்த உல்லன் சாயம் போகும், எது போகாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இரும்புப் பெட்டி ஒன்றைத் துடைத்துக் கட்டிலடியில் வைத்திருந்தாள். அந்த நேரத்தில்தான் உபதேசியார் படியேறி வந்தார்.

அறிவிப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் மதினி விஷயத்தைச் சொன்னாள். அது தப்பாகக் கேட்டது, நான் எந்தப் பொருத்தனையும் எடுக்கவில்லை என்றாள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“எடுக்காட்டி என்ன? இப்ப எடுத்தாச்சுல்ல. கோயில்ல வாசிச்சதுக்கு அப்புறம் இல்லைங்கிறது சாமிய ஏமாத்துறது.”

“நான் சொல்லவே இல்லையே அத்தை.”

“ஒன் வாயில இருந்துதானே வந்துச்சு? அந்த மனுசன் என்ன கனவா கண்டாரு?”

அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அவன் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன். பல நாளாகச் சொல்ல முடியாமல் வைத்திருந்த ‘வேண்டாம்’ என்ற சொல்லை அவனுக்குப் பதிலாக யாரோ கோயிலில் சொல்லிவிட்டார்கள். அவன் கெட்டவனாகவே ஆக வேண்டியதில்லை.

“நான் ஒன்னும் தடுக்கல. பொருத்தனை முடியட்டும், போகலாம்” என்றான்.

எப்போது முடியும்? பிள்ளை பிறந்தால் முடியும். பிள்ளை பிறந்தால் கைக்குழந்தையோடு எங்கே போவாள்? இரண்டு பக்கமும் தாழ்ப்பாள். இதை அவன் யோசித்துச் செய்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அவனுக்கு அவ்வளவு மூளை கிடையாது. யோசிக்காமலே அவனுக்குச் சாதகமாக எல்லாம் வந்து பொருந்தும், அவ்வளவுதான்.

மதினி பங்குச் சாமியாரிடம் போனாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். சாமியார் பொறுமையாகக் கேட்டார். மனிதர் நல்லவர். நல்லவர்கள்தான் இந்தக் கதை முழுக்க. “நீ சொல்றது புரியுதும்மா. தப்பாத்தான் கேட்டிருக்காரு. ஆனா பாரு, உன் மனசுல இல்லாததையா அவர் சொல்லிட்டாரு? பிள்ளை வேண்டாம்னா நினைக்கிற?” என்றார். மதினி வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? வேண்டும் என்றால் பொருத்தனை உண்மையாகிறது. “மறுப்பு வாசிச்சா உபதேசியாருக்கும் அவமானம், உனக்கும் சங்கடம். ஏழைப் பிள்ளைகளுக்கு நல்லதுதானே நடக்குது? கடவுள் சில சமயம் காது கேக்காதவங்க வழியாத்தான் பேசுவாரு” என்று சொல்லிச் சிரித்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். உள்ளே இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அந்த ஜனவரியில் அவள் போகவில்லை. ஒரு வருஷம் பொறுக்கிறோம் என்று சிஸ்டர் சொன்னார். அடுத்த வருஷமும் பொறுத்தார். அதற்குப் பிறகு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

பொருத்தனை ஊருக்குப் பிடித்துப்போனது. சனிக்கிழமை மத்தியானம் பெண்கள் கடையில் வந்து குந்திவிடுவார்கள். பின்னத் தெரிந்தவர்கள் பின்னினார்கள், தெரியாதவர்கள் பேசினார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும், அதை மறுக்க மாட்டேன்.

“ஏத்தா, ரெட்டைப் புள்ள வேணும்னா கழுத்து ரெண்டு வச்சுப் பின்னிரு.”

“இவ புருசனுக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டு விடு மொதல்ல. மனுசன் சூடு ஏறட்டும்.”

“கோயில் காரியத்துல என்னடி பேச்சு இது?”

“கோயில் காரியம் பாதி, வீட்டுக் காரியம் பாதி. மாதா ஒத்தையா என்ன செய்வா?”

எல்லாரும் சிரிப்பார்கள். மதினியும் சிரிப்பாள். கண்ணிகளை எண்ணிக்கொண்டே சிரிப்பாள், எண்ணிக்கை தப்பாது. மார்க்கையன்கோட்டையில் கட்டிக்கொடுத்த ஒரு பெண் அப்படி வந்து உட்கார்ந்தவள்தான். அவளுக்கும் பிள்ளை இல்லை. ஒரு பந்து சிவப்பு உல்லனைக் கொண்டுவந்து மதினி மடியில் வைத்து, “எனக்கும் சேத்துப் பின்னுங்கக்கா” என்றாள். மதினி பின்னினாள். வாங்க மாட்டேன் என்று சொல்லத் தெரியாது அவளுக்கு. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அந்தப் பெண் வாயும் வயிறுமாக வந்தாள். அதற்கடுத்த வருஷம் பிள்ளையையே கொண்டுவந்து மதினி மடியில் போட்டாள். கடையில் இருந்த அத்தனை பேரும் அழுதார்கள். பிள்ளை மதினியின் ஊசியைப் பிடித்து இழுத்தது. மதினி பிள்ளையைப் பார்க்கவில்லை. சுவரில் அடுக்கியிருந்த உல்லன் பந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதோடு விஷயம் கைமீறிப் போனது. சின்னமனூரிலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். இந்துப் பெண்களும் வந்தார்கள். குங்குமம் வைத்த நெற்றியோடு உல்லனைக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தார்கள். மயிலாடும்பாறையிலிருந்து ஒரு அம்மா இரண்டு பஸ் மாறி வந்தாள், மருமகளுக்காக. சிலருக்குப் பிள்ளை பிறந்தது, சிலருக்குப் பிறக்கவில்லை. பிறந்தவர்கள் ஊரெல்லாம் சொன்னார்கள், பிறக்காதவர்கள் சும்மா இருந்தார்கள். அதனால் கடைக்குப் பெயர் ஏறிக்கொண்டே போனது. மதினிக்கு மட்டும் பிறக்கவில்லை. கடைசிவரை பிறக்கவில்லை. அதனால் பொருத்தனையும் முடியவில்லை. மற்றவர்களுக்குக் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுத் தனக்குக் கேட்காத உத்தமி என்று அதற்கும் ஒரு பாராட்டு. இந்த ஊரில் ஒருத்தியைச் சங்கிலி போட்டுக் கட்ட வேண்டாம். பாராட்டினால் போதும், அவள் அசைய மாட்டாள்.

ஸ்வெட்டர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அதையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மூன்று வருஷம் மதினியே ஜீப்பில் மலைக்கு வந்தாள், நானும் போனேன். கம்பம்மெட்டு வளைவுகளில் ஏற ஏற அவள் முகம் மாறும். கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே நீட்டுவாள். “குளிருதுடி” என்பாள், பரிசு வாங்கின மாதிரி. லயத்து வாசலில் பிள்ளைகள் வரிசையாக நிற்கும். அங்கனயே போட்டுப் பார்க்கும், கழற்றச் சொன்னால் ஓடும். ஒரு தடவை ஏலக்காய்க் கறை படிந்த கையோடு ஒரு கூலிக்கார அம்மா வந்து, மஞ்சள் ஸ்வெட்டர் ஒன்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

“யாரு இத மஞ்சள்ல போட்டது?”

“நாந்தான். நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு, கோயிலுக்குப் போறவுகளுக்கு. இங்கன சேத்துல பொரளுற புள்ள. கருநீலத்துல போட்டா ரெண்டு நாளைக்கு ஒருக்காத் தொவைக்கலாம். நீங்க தருமம் செய்றீக, தொவைக்கிறது நானு.”

மதினி அன்று சிரித்தாள் பாருங்கள். கீழே இறங்கும்வரை சிரித்தாள். ஊரில் யாரும் அவளிடம் அப்படிப் பேசுவதில்லை. அந்த அம்மாவுக்கு மதினி உத்தமி இல்லை, ஸ்வெட்டர் போடுகிறவள், அவ்வளவுதான். அடுத்த வருஷத்திலிருந்து எல்லாம் கருநீலம், காப்பி நிறம், கரும்பச்சை. ஆனால் அடுத்த வருஷம் அதைக் கொண்டு கொடுக்க அவள் போகவில்லை. கடையில் அவ்வளவு பேர் காத்திருக்கும்போது நீ எதுக்கு அலையணும், ஜீப்தான் போகுதே என்று அண்ணன் சொன்னான். அம்மா ஆமாம் என்றாள். வருஷத்தில் அவளுக்கு இருந்த அந்த ஒரு நாளும் போனது. யாரும் அவளைப் பூட்டவில்லை. அவள் வேலையைக் குறைத்துவிட்டார்கள்.

ஒரு தடவை அவள் வாயைத் திறந்தாள். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அப்போது உபதேசியார் இறந்து, சாமியாரும் மாறிப் புதுச் சாமியார் வந்திருந்தார். அவர் வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, மதினியைப் பலிபீடத்துக்கு முன்னால் கூப்பிட்டுச் சால்வை போட்டார். இத்தனை வருஷமாக ஒரு பொருத்தனையை விடாமல் நிறைவேற்றுகிற பெண் என்றார். நாலு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை அவள் கையில் கொடுத்தார். மதினி மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தாள். பிறகு தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“நான் பொருத்தனை எடுக்கல சாமி. ஸ்வெட்டருக்குக் கை பொருத்தணும்னு சொன்னேன். உபதேசியாருக்குக் காது கேக்கல.”

சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி முதலில் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, செல்லச் சிரிப்பு. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சாமியாரும் சிரித்தார். மைக்கை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு, “பாத்தீங்களா? இதுக்குப் பேருதான் தாழ்ச்சி. செஞ்சதைக்கூடச் செய்யலைங்கிற மனசு” என்றார். கைதட்டல் ஓய நேரமானது. மார்க்கையன்கோட்டைக்காரி ஓடிவந்து அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள். கோயிலுக்கு வெளியே வந்ததும் அம்மா என்னிடம், “எவ்வளவு அடக்கமாப் பேசினா பாத்தியா” என்றாள். அம்மாவுக்கு உண்மை தெரியும். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டவள்தானே. ஆனால் அவளும் அதை நம்பத் தொடங்கி ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அன்று மதினி வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து வைத்தாள். கடையைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து பின்னத் தொடங்கினாள். பொய்யில் மாட்டிக்கொண்டவர்களுக்கு உண்மையைச் சொல்லி வெளியே வரும் வழி ஒன்று இருக்கும். அவளுக்கு அந்த வழியும் அன்றோடு அடைந்துபோனது.

இப்போது அம்மா இல்லை. அண்ணனுக்குச் சர்க்கரை வந்து, கால் புண் ஆறாமல், உள்ளறையில் டி.வி. பார்த்துக்கொண்டு கிடக்கிறான். யாரையும் தடுக்கிற நிலையில் இல்லை. கேட்டால் “அவ இஷ்டம்” என்கிறான். நிஜமாகவே சொல்கிறான். போன மாதம் அந்தக் கொடைக்கானல் சிஸ்டர் என் போனுக்குக் கூப்பிட்டார். குரல் நடுங்கியது, ஆனாலும் பேச்சு பழையபடிதான். வேலை பள்ளியில் இல்லை, விடுதியில் பிள்ளைகளோடு இருந்து கைவேலை சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும், வயது பிரச்சினை இல்லை, அவளை வரச் சொல் என்றார். நான் மதினியிடம் சொன்னேன். “அப்படியா” என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும். அண்ணனுக்குச் சாப்பாடு நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன், கடையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லி, இந்த வாரம் ஒரு நாள் ஜீப்பை ஆள் ஏற்றாமல் வைத்திருக்கச் சொன்னேன். தேவதானப்பட்டி வழியாக மலையேறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம்.

நேற்று சனிக்கிழமை. புது உபதேசியார் வந்தார். சின்ன வயது, நல்ல காது. கையில் போன் வைத்துக்கொண்டு, அறிவிப்பை அதிலேயே தட்டிக்கொள்கிறார்.

“இந்த வருசமும் பொருத்தனை ஸ்வெட்டர் உண்டுல்லக்கா? நாளைக்கு வாசிக்கணும்.”

மதினி உள்ளே அண்ணனுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். நான்தான் கடையில் இருந்தேன்.

“இல்லைன்னு வாசிங்க” என்றேன். “மதினி ஊருக்குப் போறாக. இனிமே பின்ன மாட்டாக. அப்படியே, இந்தச் சொல்லு மாறாம வாசிங்க.”

அவர் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். தட்டவில்லை. “அக்காட்ட ஒரு வார்த்தை…”

“நான் சொல்றேன்ல.”

அதற்குள் மதினி காப்பித் தம்ளரோடு வாசல் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்து, எப்போதும் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

“அவ கெடக்கா தம்பி. பின்னியாச்சு. எல்லாத்துக்கும் கை பொருத்தியாச்சு. எப்பவும் போல வாசிச்சுருங்க.”

அவர் போன பிறகு நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன், ஆனால் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். யாரு உன்னைப் பிடிச்சு வச்சிருக்கா, அம்மா செத்தாச்சு, அண்ணன் எந்திரிக்க மாட்டான், கதவு திறந்துதானே கெடக்கு என்று கேட்டேன். நான் மூச்சு வாங்குவதற்கு நிறுத்தியபோது சொன்னாள்.

“மயிலாடும்பாறையில இருந்து ஒரு பொண்ணு வரேன்னு சொல்லியிருக்கு. அது வந்து கடை பூட்டியிருந்தா என்ன நெனைக்கும்?”

“என்ன நெனைச்சா ஒனக்கென்ன?”

“நீ சொல்றது சரிதான்டி” என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. அவள் முகத்தில் வருத்தம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு முடிவும் எடுக்காதவள் மாதிரி, எடுக்க எதுவும் இல்லாதவள் மாதிரி நின்றாள். இத்தனை வருஷம் என் கோபத்துக்கு ஆள் இருந்தது. உபதேசியார் இருந்தார், அம்மா இருந்தாள், அண்ணன் இருந்தான், சாமியார் இருந்தார். நேற்று அது கடைசியாக அவள்மேலேயே வந்து நின்றது. அதை அவள்மேல் போட எனக்கு மனசு வரவில்லை. வேறு யார்மேல் போடுவது என்றும் தெரியவில்லை.

அவள் அலமாரியைத் திறந்து புதுசாக வந்த கருநீல உல்லனை எடுத்தாள். பந்தாகச் சுற்றாமல் சிட்டமாக, பெரிய நூல் வளையமாக வந்திருந்தது. முடிச்சை அவிழ்த்து உதறினாள். என் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“கைய நீட்டு” என்றாள்.

நீட்டினேன். இரண்டு மணிக்கட்டிலும் சிட்டத்தை மாட்டிவிட்டு, தொங்கிப்போகாமல் விரித்துப் பிடிக்கச் சொன்னாள். நுனியைத் தேடி எடுத்து, விரலில் நாலு சுற்றுச் சுற்றிப் பந்தைத் தொடங்கினாள். என் போன் மேசைமேல் அடித்தது. சிஸ்டர் பெயர் தெரிந்தது. எடுக்க எனக்குக் கை இல்லை. அடித்து நின்றது. மதினி தலை நிமிரவில்லை, நூல் என் கையைச் சுற்றி ஒரு பக்கமும் மறு பக்கமுமாக அவிழ்ந்து அவள் பந்துக்குள் போய்க்கொண்டே இருந்தது.

“ஆட்டாம பிடி” என்றாள்.